புளிச்ச மண்

மகனின் தலைமாட்டில் நின்ற போவிட்டியாச் செடியைப் பார்த்த மாத்திரத்தில் காளியாயி முடிவு கட்டிவிட்டாள், இது மருமகள் வேலை என்று. கிட்டே போய்த் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இலையெல்லாம் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. நுனிகள் தீய்ந்து சுருண்டிருந்தன. போன வருஷம் இதே மாசியில் ஊதாப் பூவாகப் பூத்துக் கொட்டிய செடி.

“படுபாவி, செத்தவனையும் நிம்மதியா கெடக்க விட மாட்டேங்கிறாளே!” என்று அவள் போட்ட சத்தத்தில், மேலே ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு திரும்பிப் பார்த்தார்கள். யாரைச் சொல்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று வருஷமாகக் காளியாயி வாயில் விழுகிற ஆள் ஒருத்திதான். அவள் பெயர் ஜெயந்தினி.

காளியாயிக்குச் சந்தேகப்படும் பழக்கமே கிடையாது. எடுத்தவுடன் தீர்ப்புத்தான். சாட்சியைப் பிறகு தேடிக்கொள்வாள்.

ஒரு செடிக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று வெளியாள் கேட்கலாம். அந்தத் தோட்டத்து ஆள் கேட்க மாட்டார். இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மயானம் என்பது தேயிலைக்கும் ஓடைக்கும் நடுவில் ஒதுக்கிவிட்ட ஒரு சரிவு. நிலம் தோட்டத்துடையது, சீமெந்து வைத்துக் கல்லறை கட்ட நிர்வாகம் விடாது. புதைத்த இடத்தில் மண்ணை மேடாகக் கூட்டி, தலைமாட்டில் ஒரு செடி நட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். அந்த மலையில் பெய்கிற மழைக்கு மேடு இரண்டு வருஷம் தாங்காது. அதற்குப் பிறகு செடிதான் ஆள். செடி பட்டுப்போனால் அது வெறும் நிலம். வெறும் நிலம் என்றால் அடுத்த சாவுக்கு அங்கே குழி வெட்டுவார்கள். பக்கத்து வீட்டு ஜீவராணியின் தகப்பனார் அப்படித்தான் யாரோ ஒருவருக்குக் கீழே கிடக்கிறார். யாருக்குக் கீழே என்பது அவளுக்கே தெரியாது.

தன் மகனுக்கு அந்தக் கதி வரக்கூடாது. காளியாயி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

வினோஜன் குளவி கொட்டிச் செத்தான். மலையில் சவுக்குக் கிளை வெட்டும்போது கூடு கலைந்துவிட்டது. கூட இருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். மரத்தில் இருந்தவனால் முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துபோயிற்று. அன்று காலையில் அவன் மேலுக்கு முடியவில்லை என்று படுத்திருந்தான். “ஒரு நாள் பேரு போனா சம்பளந்தானே போகும், படுத்திரு” என்று தாய் சொன்னாள். “இந்த மாசம் ஏற்கெனவே மூணு நாள் போகல” என்று பெண்டாட்டி சொன்னாள். அவன் எழுந்து போனான். அவ்வளவுதான். கருமாதி முடிந்த மறுநாள் ஜெயந்தினியின் சூட்கேஸ் வாசலில் கிடந்தது. “எம்புள்ளைய மரத்துல ஏத்திவிட்டவளே, ஒங்கம்மா வீட்டுக்குப் போ” என்று லயத்து வரிசை வீடுகளெல்லாம் கேட்கக் கத்தினாள் காளியாயி. ஜெயந்தினி அழவில்லை. சூட்கேஸை எடுத்துக்கொண்டு கீழ் லயத்திலிருந்த தாய் வீட்டுக்குப் போனாள். டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் அழாமல் போனதைக் காளியாயி இன்றுவரை மன்னிக்கவில்லை.

முதலில் மகனுக்கு ரோஜாதான் நட்டாள். பட்டுப்போனது. திரும்ப நட்டாள். அதுவும் பட்டது. அந்தச் சரிவில் சரளைக் கல்லும் சிவப்புக் களியும்தான். பனி அடித்தால் ஐஸ் மாதிரி இறுகிவிடும். அப்போதுதான் ரோட்டு மேட்டில், புல்லு வெட்டுகிறவர்களின் கத்திக்குத் தப்பி நின்ற போவிட்டியா கண்ணில் பட்டது. தேயிலைக்குள் முளைத்தால் களை என்று வெட்டி எறிகிற செடி. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. ஆனாலும் கல்லைப் பிளந்துகொண்டு நின்று பூக்கும். வினோஜனுக்குப் பத்து வயதில் மஞ்சக்காமாலை வந்தபோது அந்த இலையைத்தான் அரைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். புள்ளை பிழைத்தது அதனால்தான் என்பது அவள் எண்ணம். தென்மேற்கு மழை தொடங்கியதும் வேர் கலையாமல் மண்ணோடு பேர்த்து, மடியில் சுமந்து வந்து மகன் தலைமாட்டில் வைத்தாள். மறுவருஷம் பூத்தது.

விட்டிருந்தால் அது பாட்டுக்கு நின்றிருக்கும். காளியாயி எதையாவது அது பாட்டுக்கு விட்டிருக்கிறாளா? பென்ஷன் வயது வரை முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலையில் நின்றவள். செடி என்றால் அவளுக்குத் தேயிலைதான். கார்த்திகையில் ஆறாம் நம்பர் மலை கவ்வாத்து முடிந்து, வெட்டிய தூர்களுக்கு டொலமைட் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தார்கள். புளிப்பு ஏறிய மண்ணை முறித்தால் தேயிலை திமிறிக்கொண்டு துளிர்க்கும் என்று அவளுக்குத் தெரியும். அன்றே மகன் செடியையும் கத்தியால் முழங்கால் உயரத்துக்குக் கவ்வாத்து வெட்டினாள். மடி நிறைய டொலமைட்டை அள்ளி வந்து தூரில் கொட்டிக் கிளறிவிட்டாள். மேலே மாட்டுச் சாணத்தையும் போட்டு மூடினாள். ‘தையில பாரு, எப்படிப் பூக்கப்போகுதுன்னு’ என்று மகனுக்குச் சொல்லிவிட்டும் வந்தாள்.

தை வந்தது. பூ வரவில்லை. இப்போது மாசி.

சாட்சி அன்று மாலையே கிடைத்தது. கொண்டுவந்தவள் ஜீவராணி. அடுத்த வீட்டுச் சண்டை இல்லாத நாளில் அவளுக்குத் தேத்தண்ணி இறங்காது.

“அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. போன ஞாயித்துக்கெழம ஒங்க மருமகள அங்க கண்டேன். கையில மஞ்சக் கேன் வெச்சிருந்தா. புல்லு மருந்து வருமே, அந்தக் கேன்.”

“ஊத்துனாளா?”

“குனிஞ்சு ஊத்துனா. நான் பார்த்ததும் நிமிந்துட்டா.”

காளியாயி அதற்கு மேல் கேட்கவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்கினாள். ஜெயந்தினி தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் உடுப்பு அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் இவள் வருகிற வேகத்தைப் பார்த்துக் குடத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார்கள்.

“ஏண்டி, எம்மகன் செடிக்கு என்னடி ஊத்துன?”

ஜெயந்தினி அலசுவதை நிறுத்தவில்லை. “தண்ணி.”

“தண்ணியா? புல்லு மருந்துக் கேன்ல தண்ணியா?”

“கழுவுன கேன். எங்க வீட்ல தண்ணி பிடிக்கிறது அதுலதான். செடி மஞ்சளிச்சுக் கெடந்துச்சு. பனி காலம், காஞ்சு போச்சோன்னு ஊத்துனேன்.”

“பொய்யி! அவன் இருந்த எடமே தெரியக்கூடாதுன்னு நெனைக்கிற. எடம் தெரியலன்னா கேள்வி இல்லாம எவனையாச்சும் கட்டிக்கிட்டுப் போயிடலாம் பாரு.”

ஜெயந்தினி பிழிந்த துணியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மாமியார் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள்.

“அத்த, நான் கட்டிக்கிட்டுப் போகணும்னா செடியக் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன். ஒங்களையும் கேட்க மாட்டேன்.”

“திமிரப் பார்த்தீங்களாடி! வெள்ளிக்கெழம கோயிலுக்கு வா. எல்லார் முன்னாடியும் சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணு, நான் செடிய ஒண்ணும் செய்யலன்னு. பொய்யா அடிச்சா மாரியாத்தா ஒங்கண்ணப் புடுங்கட்டும்.”

“வர்றேன்” என்றாள் ஜெயந்தினி. மறுபடி குனிந்து அலசத் தொடங்கினாள்.

அவள் இவ்வளவு சுருக்கமாக ஒப்புக்கொள்வாள் என்று காளியாயி எதிர்பார்க்கவில்லை. எரிந்த சூடத்தை வெறுங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது அந்தத் தோட்டத்தில் சின்னக் காரியமல்ல. அதற்குப் பயந்து களவை ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. அவளும் பயந்து காலில் விழுவாள் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள். ‘இருக்கட்டும், வெள்ளிக்கிழமை பார்ப்போம்’ என்று மேட்டில் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய, கோயிலுக்குப் புறப்பட்டவள் மயானப் பக்கம் ஆள் தெரியவும் அங்கே திரும்பினாள். குழி வெட்டுகிற சின்னராசா மண்வெட்டியோடு நின்றான். மேல் லயத்துப் பெரியவர் ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார். ஆள் போனவுடன் ஓடக்கூடாது என்று முன்கூட்டியே இடம் பார்க்க வந்திருந்தான். அவன் நின்றது வினோஜனின் தலைமாட்டில். பட்ட செடியைக் காலால் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கால எடுடா!” என்று அலறிக்கொண்டு ஓடினாள். “எம்புள்ள கெடக்கிறான் அங்க!”

சின்னராசா துள்ளி விலகினான். “மன்னிச்சுக்கங்கக்கா. செடி செத்துப்போச்சா, காலி எடம்னு நெனைச்சேன்.”

காலி இடம். அந்தச் சொல்லைக் கேட்டதும் காளியாயி அப்படியே சரளையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தத் தேவடியா மருந்து ஊத்திக் கொன்னுட்டாடா.”

“மருந்தா?” சின்னராசா குனிந்து மண்வெட்டியால் தூரைக் கிளறினான். சாணத்துக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் புரண்டு வந்தன. ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினான். “மருந்து ஊத்துனா செடியச் சுத்திப் புல்லும்ல கருகணும்? பாருங்க, புல்லு பச்சப் பசேல்னு நிக்குது. யாரோ டொலமைட்டைக் கொட்டியிருக்காங்கக்கா. அதுவும் கொஞ்சமா? ஒரு தேயிலை வரிக்குப் போடுறத இந்த ஒத்தச் செடிக்குப் போட்டிருக்கு.”

“டொலமைட் நல்லதுதானடா. கவ்வாத்து வெட்டுனா போடணும்ல?”

“தேயிலைக்கு. தேயிலைக்கு நாம சோறு போடணும், இது பட்டினியில வளர்ற செடியில்ல? புளிச்ச மண்ணும் சரளையும்தான் அதுக்குச் சாப்பாடு. புளிப்ப முறிச்சா செத்துரும். எங்க வீட்டு மரக்கறித் தோட்டத்து ஓரத்துல வேலிக்கு நின்னுச்சே, பாத்திக்குச் சுண்ணாம்பு போட்டதும் அந்த வரிசையே போயிருச்சு. வெட்டவும் கூடாதுக்கா அத.” அவன் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தான். “எவ செஞ்ச வேலையோ, சும்மா விட்டிருந்தா நின்னிருக்கும்.”

அவன் போய்விட்டான். காளியாயி வெள்ளைக் கட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சேலை மடியில் அந்தச் சுண்ணாம்புக் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை.

கோயில் மணி கேட்டது. போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தாள். போகாவிட்டால் கிழவி பயந்துவிட்டாள் என்பார்கள். போய்ச் சொன்னால்? மூன்று வருஷமாக மருமகளைக் கொலைகாரி என்று ஏசிய வாயால், மகன் செடியைக் கொன்றது நான்தான் என்று அவள் முன்னால் சொல்வதா? அதைவிட நாக்கை அறுத்துக்கொள்ளலாம். ‘அவளும் தண்ணி ஊத்தினாதானே, அதுவும் சேர்ந்துதான் அழுகியிருக்கும்’ என்று தனக்குத்தானே ஒரு நியாயம் கட்டிக்கொண்டு எழுந்தாள். அந்த நியாயம் கோயில் படி வரைக்குந்தான் கூட வந்தது.

உள்ளே சனம் நிறைந்திருந்தது. வழக்கமான வெள்ளிக்கிழமைக்கு அவ்வளவு பேர் வர மாட்டார்கள். ஜீவராணி முன் வரிசையில் இடம் பிடித்திருந்தாள். ஜெயந்தினி கடையிலிருந்து நேராக வந்தவள்போல் சீருடைச் சேலையோடு நின்றாள்.

பூசாரி கணேசமூர்த்திக்கு இந்தக் காரியத்தில் இஷ்டமில்லை. “காளியாயி, ஒரு செடிக்குப் போயி ஆத்தா முன்னாடி சத்தியமா? நல்லா யோசிச்சுச் சொல்லு. வேணுமா?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ஜெயந்தினி முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள். கெஞ்சலும் இல்லை, பயமும் இல்லை. சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு இருந்த அதே முகம். காளியாயிக்குள் பழைய கோபம் குப்பென்று ஏறியது.

“வேணும்” என்றாள்.

பூசாரி தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். ஜெயந்தினி முன்னால் வந்தாள். “என் புருஷன் தலைமாட்டுச் செடிக்கு நான் தண்ணியத் தவிர ஒண்ணும் ஊத்தல. இது சத்தியம்” என்று கையை ஓங்கி அடித்தாள். சூடம் ஒரே அடியில் அணையவில்லை. உருகிய சூடம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி அடித்தாள். கருகிய வாடை வந்தது.

தோல் பொசுங்கிய அந்தக் கையை அவள் காளியாயியின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

“போதுமா?”

“போதாது” என்றாள் காளியாயி.

“அடிப்பாவி!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டார். காளியாயி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“அவ அடிச்சா போதாது, நானும் அடிக்கணும். ஆனா என்னால அடிக்க முடியாது. டொலமைட் போட்டது நான். கவ்வாத்து வெட்டுனதும் நான். எம்புள்ள செடிய நாந்தான் கொன்னேன்.”

ஜீவராணி மெதுவாகப் பின்னால் நகர்ந்தாள்.

“எப்பத் தெரியும்?” என்று கேட்டாள் ஜெயந்தினி.

“வர்ற வழியில. சின்னராசா சொன்னான்.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் என் கையச் சுட விட்டீங்களா?”

காளியாயி அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். ஜெயந்தினி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“தொடாதீங்க. நீங்க தொட்டது எதுதான் உருப்பட்டுச்சு? அவரையும் இப்படித்தான் பாத்தீங்க. என்ன திங்கணும், எப்ப தூங்கணும், பொண்டாட்டி கூடப் பேசணுமா வேணாமா, எல்லாம் நீங்க. அன்னைக்கு மேலுக்கு முடியாமப் படுக்கல அவரு. தனியாப் போயிடலாம்னு முதல் நாள் ராவெல்லாம் பேசுனோம், அத ஒங்ககிட்டச் சொல்லப் பயந்து போத்திக்கிட்டுப் படுத்தாரு. நான்தான் வேலைக்காச்சும் போங்கன்னேன். மூணு வருஷமா இத யார்கிட்டயும் சொல்லல, தாய்க்காரி மனசு கஷ்டப்படுமேன்னு.” அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. “இப்பக் கேளுங்க. அந்த எடத்துல நான் வேற செடி வெப்பேன். நீங்க அந்தப் பக்கம் எறங்கக்கூடாது. தண்ணி, சாணி, கத்தி ஒண்ணும் கூடாது. இதுக்கு நீங்க சத்தியம் பண்ணுங்க.”

“எம்மகன்டி அவன்.”

“அதுக்குத்தான் சொல்றேன்.”

பூசாரி புதுச் சூடத்தைக் கொளுத்தித் தட்டைக் காளியாயி முன்னால் நீட்டினார். காளியாயி அடித்தாள். சுட்டது.

அந்த மேல் லயத்துப் பெரியவர் சித்திரை வரை இழுத்துக்கொண்டிருந்து போனார். அதற்குள் ஜெயந்தினி பட்ட செடியைப் பிடுங்கி, வெள்ளை மண்ணையெல்லாம் ஒரு முழ ஆழத்துக்கு வாரிக் கொட்டியிருந்தாள். ரோட்டு மேட்டிலிருந்து சிவப்புக் களியும் சரளையும் சுமந்து நிரப்பி, விரல் நீளப் போவிட்டியாக் கன்று ஒன்றை வைத்திருந்தாள். சுற்றிக் கல் அடுக்கியிருந்தாள். சின்னராசா அதைப் பார்த்துவிட்டு நாலடி தள்ளிக் குழி வெட்டினான். இது வினோஜன் இடம் என்று கூட வந்தவர்களிடம் சொன்னானாம்.

அன்றிலிருந்து காளியாயி பார்ப்பதெல்லாம் மேல் ரோட்டிலிருந்துதான். ஆனி மழையில் கன்று சாய்ந்தது. ஒரு குச்சி நட்டு நிமிர்த்திக் கட்ட அவளுக்குக் கை பரபரத்தது. முந்தானைக்குள் இரண்டு கையையும் சுருட்டி வைத்துக்கொண்டாள். நாலு நாளில் கன்று தானாக நிமிர்ந்தது. பிறகு புல் ஏறியது. அதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படிச் சும்மா நிற்பதைவிட முப்பது வருஷமும் மறுபடி கொழுந்து எடுத்துவிடலாம் என்று தோன்றியது.

ஆடியில் திவசம் வந்தது. வினோஜனுக்குப் பிடித்த ரொட்டியும் கட்டைச் சம்பலும் செய்து வாழையிலையில் வைத்து, தட்டோடு மேல் ரோட்டில் போய் நின்றாள். கீழே ஜெயந்தினி விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள். கன்றில் ஒரே ஒரு பூ விரிந்திருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்த ஊதா தெரிந்தது. தன்னையறியாமல் காளியாயியின் ஒரு கால் சரிவில் இறங்கிவிட்டது.

“அங்கயே நில்லுங்க” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

காளியாயி நின்றாள். ஜெயந்தினி ஈரச் சரிவில் மெதுவாக ஏறி வந்தாள். மாமியாரின் முகத்தைப் பார்க்கவில்லை. தழும்பு விழுந்த கையை நீட்டித் தட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள். திரும்பி இறங்கிப் போய், செடியில் படாமல், அதை அவன் தலைமாட்டில் வைத்தாள்.